உடைந்த பாரில் பவளம் நடுவதற்கு முன்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளில் (மீனவர் பேச்சில் 'பார்'), முதலில் கணக்கெடுப்புக்காகவும் பின்னர் பவளத் துண்டுகளை நடும் பணிக்காகவும் பல ஆண்டுகள் நீரில் இறங்கியிருக்கிறேன். கடற்கரை ஊர்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் இளைஞர்கள் பலர் இப்போது என்னிடம், தாங்களும் பவளம் நட விரும்புவதாகவும் எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்கிறார்கள். நடுவது இந்த வேலையில் கடைசியாக வருவது என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்லும் முதல் செய்தி. உடைப்பது நிற்காத இடத்திலும், உடைந்த கல் இன்னும் உருண்டுகொண்டிருக்கும் தரையிலும், அந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர்கள் உடன்படாத ஊரிலும் நட்ட பவளம் நிலைத்து நான் பார்த்ததில்லை.

மன்னார் வளைகுடாவின் பவளத்துக்கு நேர்ந்த பெருங்கேடு கல் எடுப்பில் தொடங்கியது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் சிமெண்ட், கால்சியம் கார்பைடு ஆலைகளுக்கும் பவளக்கல் மூலப்பொருளாகத் தேவைப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்தும் பாக் விரிகுடாவிலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் கல் எடுக்கப்பட்டதாக அக்கால ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நீர் வற்றும் வேளையில் வள்ளத்தை நிறுத்திவிட்டு, இடுப்பளவு நீரில் நின்றும் மூச்சடக்கி மூழ்கியும் கடப்பாரையால் நெம்பி எடுத்த தொழில் அது. மொத்தம் 110 சதுர கிலோமீட்டர் அளவிலான பவளத்திட்டில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் அழிந்துபோனதற்குக் கல் எடுப்பே முதன்மைக் காரணம். அந்தத் தொழிலில் இளமையில் கூலிக்குச் சென்ற முதியவர் ஒருவர், "கடலுக்குள்ள கல்லு தானா வளருது, எடுக்க எடுக்கத் தீராதுன்னுதான் தம்பி நெனச்சோம்" என்று என்னிடம் சொன்னார். கல் வளர்வது உண்மைதான். ஆனால் உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே உயர்கிறது. ஒருவர் ஒரு காலைப்பொழுதில் பெயர்த்தெடுத்த முழ உயரக் கல்லை ஈடுசெய்யக் கடலுக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வேண்டும்.

வெடி வைத்து மீன் பிடிப்பதும் இதனோடு சேர்ந்துகொண்டது. நீரில் வெடி வைப்பதையும் நஞ்சிடுவதையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம். வெடியின் அதிர்வு அலை மீனின் காற்றுப்பையைக் கிழிக்கிறது. செத்த மீனில் ஒரு பகுதியே மிதக்கிறது. மிச்சம் அடியில் தங்கி அழுகுகிறது. குஞ்சும் முட்டையும் மீனின் இரையான சிற்றுயிர்களும் அதே நொடியில் மடிகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் அந்த இடத்தில் நெடுங்காலம் மிஞ்சுவது மீன் இழப்பன்று, நொறுங்கிய தரை. கிளைப் பவளங்கள் விரல் நீளச் சல்லியாகச் சிதறிப் பரவிவிடுகின்றன.

இந்தச் சல்லித் தரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மீட்புப் பணிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். பவளத்தின் இளவுயிரிகள் நீரில் மிதந்து வந்து, பிடிப்பான கல்லைத் தேடி ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்குகின்றன. சல்லியிலும் அவை ஒட்டத்தான் செய்கின்றன. ஆனால் அடுத்த கச்சான் காற்றில், அதாவது தென்மேற்குப் பருவக் காற்றில், கடல் கொந்தளிக்கும்போது அந்தச் சல்லி புரண்டு, மேலே இருந்த இளம்பவளம் கீழே போய்விடுகிறது. அல்லது பக்கத்துச் சல்லி அதன் மேல் உரசித் தேய்த்துவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய உயிர்கள் வந்து ஒட்டுகின்றன, ஒவ்வோர் ஆண்டும் அழிகின்றன. தாய்ப் பவளங்கள் அருகிலேயே செழித்திருந்தாலும் தரை வெறுமையாகவே கிடப்பதன் காரணம் இதுதான். ஒற்றை வெடியால் ஆன சிறு பள்ளம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் தானாக மீளக்கூடும் என்றும், திரும்பத் திரும்ப வெடித்துப் பரந்த சல்லிக்காடாகிவிட்ட இடம் அவ்வாறு மீள்வதில்லை என்றும் தென்கிழக்காசியக் கடல்களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவில் அத்தகைய சல்லியின் மேல் பெரிய பாறைகளைக் குவித்துவைத்த பின்னரே பவளம் தங்கத் தொடங்கியது. அதே நாட்டில் சுலவேசிக் கரையோரமுள்ள பொண்டோசுவா தீவைச் சுற்றி, மணல் பூசிய இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சல்லியின் மேல் விரித்து, அவற்றில் துண்டுகளைக் கட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் அங்கே சுண்ணாம்பு படியும் அளவு, சேதமுறாத திட்டுக்கு இணையாகிவிட்டதாக 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தரையை முதலில் நிலைப்படுத்தியதே இரண்டு இடங்களிலும் பலன் தந்தது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகிய தெளிந்த நீரைப் பார்த்து முடிவு செய்யாமல் தரையைச் சோதித்துப் பாருங்கள். சல்லித் துண்டுகள் சிலவற்றில் வண்ண நைலான் கயிற்றைக் கட்டி, அவை கிடக்கும் இடத்தைக் குறித்துவைத்து, ஒரு கச்சான் பருவம் முழுவதும் கழிந்தபின் போய்த் தேடுங்கள். அவை நகர்ந்திருந்தால், கான்கிரீட் சட்டமோ பாறையோ இடாமல் அங்கே எதையும் நடுவது வீண். நகராமல், அவற்றின் மேல் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படிந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தால், அந்த இடம் தானே மீளும் வழியில் இருக்கிறது. அங்கே நீங்கள் செய்ய வேண்டியது காவல் மட்டுமே. அப்படிப்பட்ட இடத்தில் போய்ச் சட்டங்களை இறக்குவது பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவதோடு, வந்து ஒட்டியிருக்கும் இளம்பவளங்களையும் நசுக்கிவிடும்.

காவலின் பலனை நாங்கள் எண்ணிக்கையிலேயே கண்டோம். 1986இல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. ஆயினும் கல் எடுப்பு அதன் பிறகும் நெடுநாள் நடந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின் நடவடிக்கைகள் கடுமையாயின. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை, சட்டத்தால் முடியாத ஒன்றைச் செய்தது. தீவும் பாரும் மறைத்து நின்றதால்தான் தங்கள் ஊர் தப்பியது என்று கரையோர மக்கள் தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள்; கல் எடுக்கப் போன வள்ளங்களை ஊரே தட்டிக் கேட்டது. 2005இல் கல் எடுப்பு ஏறத்தாழ முற்றிலும் நின்றது. அந்த ஆண்டு வரையிலான கணக்கெடுப்பில் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு (திட்டின் தரையில் உயிருள்ள பவளம் மூடியிருக்கும் பங்கு), 2009இல் சுமார் 43 விழுக்காடாக உயர்ந்தது. தூத்துக்குடித் தீவுகளில் 2002 முதலே துண்டுகள் நடப்பட்டு வந்தாலும், அந்தப் பரப்பு வளைகுடாவின் அளவோடு ஒப்பிடச் சிறியது. உயர்வின் பெரும்பகுதி, மனிதர் கைவைக்காமல் விட்டதால் கடல் தானே ஈட்டிக்கொண்டது. பவளத்துக்காக உழைக்க வருபவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும் என்று நான் நினைப்பதுண்டு.

ஆனால் கைவைக்காமல் விடுங்கள் என்று சொல்வது, கரையில் மாதச் சம்பளத்தோடு இருப்பவருக்கு எளிது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலான ஊர்களில் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளின் பக்கம் நீந்திச் சென்று, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுத்து வாழ்கிறார்கள். கடல் தேசியப் பூங்காவானபோது அவர்களுடைய தொழிற்களமே அவர்களுக்கு விலக்கப்பட்ட இடமாகிவிட்டது. பறிமுதலும் அபராதமும் பல ஆண்டுகள் அவர்களை விரட்டின. இந்தப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, இனப்பெருக்கப் பருவத்தில் கடலுக்குப் போகாமல் இருப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் பாதுகாப்புக்காக வழங்கப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த கூட்டங்களில் இவர்களுக்குக் கடைசி வரிசையில் பாய் விரிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் பொறுக்காத ஒன்று. எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் எந்தப் பவளம் உயிரோடிருக்கிறது, எந்த மாதம் நீர் சூடேறுகிறது என்பதையெல்லாம் எங்கள் கருவிகளுக்கு முன்னரே அவர்கள் அறிந்திருந்தார்கள். நீங்கள் ஓர் ஊருக்குப் போகும்போது சங்கத் தலைவரோடு பேச்சை முடித்துவிடாமல், பாசி எடுக்கும் அக்காமார்களையும் சங்கு குளிப்பவர்களையும் தேடிப்போய்க் கேளுங்கள். கீழக்கரைப் பக்கம் பழைய குளியாளி ஒருவரைக் 'காக்கா' (அண்ணன்) என்று அழைத்து அவரருகில் அமர்ந்து கேட்டறிந்தது, பல வரைபடங்களைவிட எனக்கு உதவியிருக்கிறது.

வெடியும் கடப்பாரையும் ஓய்ந்தபின் அன்றாடச் சேதம் வேறு வடிவில் தொடர்கிறது. மீன் பிடிக்கும் பொறிகளான மீன்கூடுகளைப் பாரின் மேலேயே வைத்து, அலையில் நகராமலிருக்கப் பவளத்தைப் பெயர்த்துக் கூட்டின் மேல் அடுக்கும் வழக்கம் இருந்தது. இதைத் தடை என்ற சொல்லோடு பேசத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நாங்கள், கூடுகளைப் பாரின் விளிம்பை ஒட்டிய மணலில் வைத்துப் பார்க்கும்படியும், பவளக்கல்லுக்குப் பதிலாகக் கரையிலிருந்து கருங்கல்லோ மணல் மூட்டையோ கொண்டுபோகும்படியும் கேட்டுக்கொண்டோம். ஓராவும் விளமீனும் இரை தேடிப் பாரிலிருந்து மணலுக்கு இறங்குவதை அறிந்த மீனவர்கள் சிலர் அதை ஏற்று, பிடிபடும் மீன் குறையவில்லை என்று கண்டபின் மற்றவர்களுக்கும் சொன்னார்கள். எல்லோரும் ஏற்கவில்லை, இன்றும் பாரின் மேல் கூடுகள் உண்டு.

அறுந்து வந்து பாரில் சிக்கிய வலைகளை எடுப்பதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும். வலையைப் படகிலிருந்து கயிறு கட்டி இழுத்தால், அது பற்றியிருக்கும் பவளக் கிளைகள் அத்தனையும் அதனோடு வந்துவிடும். நீருக்குள் இருவராக இறங்கி, ஒருவர் வலையைத் தளர்த்திப் பிடிக்க மற்றவர் கத்தரியால் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, வெட்டியதைச் சாக்கில் இட்டுக்கொண்டே போக வேண்டும். பவளம் ஏற்கனவே வலை இழையைத் தன்னுள் மூடி வளர்ந்திருந்தால், அந்த இழையை அப்படியே விட்டு இருபுறமும் வெட்டிவிடுங்கள். காற்று எழும் நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். அசையும் வலை ஆளையும் சுற்றிக்கொள்ளும்.

இனி நடவுக்கு வருகிறேன். பவளம் முதல் அட்டவணை உயிரினம் என்பதால், செத்த பவளத் துண்டை எடுத்து வைத்திருப்பதுகூடக் குற்றம். பூங்கா எல்லைக்குள் நடவு செய்ய வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி கட்டாயம். ஆர்வத்தின் பேரில் தனியாகச் செய்யத் துணியாதீர்கள். அனுமதி பெற்ற ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து செய்யுங்கள். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இதைச் செய்து வருகிறது.

துண்டுகளுக்காக நல்ல பவளத்தை உடைப்பதைவிட, அலையால் முறிந்து மணலில் கிடந்து இன்னும் உயிரோடிருப்பவற்றைச் சேகரிப்பதே முறை. மணலில் விட்டால் எப்படியும் அவை சாகப்போகின்றன. உள்ளங்கை நீளத்துக்குச் சற்றுக் குறைவான துண்டு, அதாவது எட்டு முதல் பத்து சென்டிமீட்டர், நல்ல அளவு. அதைவிடச் சிறியதைப் பாசி எளிதில் மூடிவிடுகிறது. எடுத்த துண்டைக் கூடியவரை நீருக்கு வெளியே காட்டாமல், வெயில் படாத கடல்நீர்த் தொட்டியில் வைத்து, அன்றைக்கே கட்டிவிட வேண்டும். கிளையின் நுனியில்தான் வளர்ச்சி நடப்பதால் அடிப்பக்கத்தைப் பிடித்தே கையாள வேண்டும். சிமெண்ட் பலகையில் துண்டை இறுக்கிக் கட்டுவது மிக முக்கியம்: கையால் தொட்டு அசைத்தால் சற்றும் ஆடக்கூடாது. ஆடும் துண்டு கட்டிய இடத்திலேயே தேய்ந்து செத்துவிடும். அசையாத துண்டோ சில வாரங்களில் தன் சுண்ணாம்பைப் பலகையின் மேல் படரவிட்டுத் தானே பற்றிக்கொள்ளும். பலகைகளைத் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் கான்கிரீட் சட்டத்தின் மேல் வைப்பதால் மணலும் சேறும் மூடுவதில்லை. காலத்தைப் பொறுத்தவரை, கடல் தெளிந்து நீர் குளிர்ந்திருக்கும் தை, மாசி மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். சித்திரை வெயிலுக்கு முன் துண்டுகள் பற்றிக்கொள்ளச் சற்று அவகாசம் கிடைக்கும்.

நட்டபின் முதல் சில மாதங்கள் நாற்றங்காலைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். சட்டத்தில் படரும் பாசியை மென்மையான தூரிகையால் அகற்றுவதும், பவளத் திசுவைத் தின்னும் சிறு நத்தைகளைக் கையால் பொறுக்குவதும், தளர்ந்த கட்டுகளை இறுக்குவதும் அந்தப் பராமரிப்பில் அடங்கும். நிலைத்துவிட்டால் கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளர்வதைக் காணலாம். பாசியைக் காலமெல்லாம் மனிதக் கையால் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையை ஓராவும் கிளிமீனும் செய்ய வேண்டும். ஆகவே ஒரு பாரில் பாசி தின்னும் மீன்கள் வலையில் வாரப்பட்டுக்கொண்டிருந்தால் அங்கே நடவு தொடங்குவதை ஒத்திவைத்து, மீனவர்களோடு பேசுவதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து வந்த ஒரு பாசியும் இங்கே தனிக் கவலை. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ், குருசடை முதலான மண்டபம் பகுதித் தீவுகளின் பவளத்தின் மேல் படர்ந்து மூச்சு முட்டச் செய்வது 2008இல் பதிவானது. பிய்த்தெறிந்தால் ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைக்கும் என்பதால், அதை அடியோடு கையால் எடுத்துப் பையில் அடைத்துக் கரைக்குக் கொண்டுவந்து உலர்த்துவது ஒன்றே வழி.

இத்தனையும் சரியாக அமைந்த இடங்களையும் வெப்பம் தாக்கியது. 2010 கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியபோது பவளத்தோடு ஒட்டி வாழும் நுண்பாசிகள் வெளியேறி, பாரெங்கும் வெளுத்தது. உயிர்ப் பவளப் பரப்பு ஏறத்தாழ 33 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதிலிருந்து மெல்ல மீண்டு 2015இல் 38.9 விழுக்காட்டை எட்டியிருந்தது. 2016 கோடையின் வெளுப்பு அதை 22.7 விழுக்காட்டுக்குத் தள்ளியது. ஒரு கோடையில் இவ்வளவு இழந்ததைப் பார்த்தபின் அந்த ஆண்டு நீரில் இறங்கவே மனம் வரவில்லை. ஆனாலும் அந்த இழப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. மான்கொம்பு போன்ற கிளைப் பவளங்களே வேகமாக வளர்வதால் அவற்றையே எல்லோரும் விரும்பி நடுகிறோம்; வெப்பத்தில் முதலில் சாவதும் அவையே. மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள் வெளுத்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. எனவே ஒரே இனத்தைப் பரப்பாமல் பல இனங்களைக் கலந்து, ஒரே ஆழத்தில் குவிக்காமல் சற்று ஆழமான இடங்களிலும் பிரித்து நட வேண்டும். முந்தைய கோடைகளில் சுற்றிலும் வெளுத்தபோது நிறம் மாறாமல் நின்ற பவளங்களை அடையாளமிட்டு வைத்து, அவற்றின் முறிந்த கிளைகளுக்கு முன்னுரிமை தருவது நல்லது.

நடவுத் திட்டங்களைப் பற்றிய செய்திகளில் எத்தனை ஆயிரம் துண்டுகள் நடப்பட்டன என்ற எண்ணே தலைப்பில் வருகிறது. நான் கேட்பது வேறு எண்: இரண்டு கோடைகள் கழித்து உயிரோடிருப்பவை எத்தனை? அந்த எண்ணைத் தர முடியாத திட்டத்துக்கு நிதி தருபவர்கள் சற்று யோசிக்க வேண்டும். அதைத் தருவதற்கு, நட்ட நாளிலிருந்தே சட்டங்களுக்கு எண்ணிட்டு, ஒரே கோணத்திலிருந்து ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்க வேண்டும். பக்கத்திலேயே எதுவும் நடாத ஓர் இடத்தையும் அதேபோல் அளந்து வர வேண்டும். நடாத இடமும் அதே அளவு மீண்டிருந்தால், உங்கள் உழைப்பைத் தேவைப்படும் வேறு பாருக்கு மாற்றலாம்.

பார் போனால் தீவும் போகும் என்பதைத் தூத்துக்குடிப் பக்கம் கண்ணாலேயே காண்கிறோம். விலாங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. கல் எடுத்ததால் அலையைத் தடுக்க ஏதுமின்றிக் கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைத் திட்டு அமைப்புகள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணித்ததால் மணல் சேர்ந்தது. அவற்றின் மேல் பவளமும் ஒட்டி, மீனும் கூடியது. இவ்வளவு செலவும் உழைப்பும், ஒரு காலத்தில் டன் கணக்கில் விற்கப்பட்ட கல் இலவசமாகச் செய்துவந்த வேலையை ஓரளவு ஈடுகட்டவே ஆயின.

2024இல் உலகக் கடல்களெங்கும் நான்காவது பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவும் அதில் தப்பவில்லை. நடவுக்கு அனுமதி பெறாதவர்கள், மீனவர்கள், முக்குளிக்கும் மாணவர்கள் எல்லோரும் உதவக்கூடிய வேலை இப்போது இதுதான். பங்குனி முதல் ஆனி வரை கடலுக்குப் போகும்போது பவளம் வெளிறத் தொடங்குவதைக் கண்டால், தொடாமல், தீவின் பெயர், நாள், ஆழம், கிளைப் பவளமா உருண்டையா என்பது, பத்தில் எத்தனை வெளுத்திருக்கிறது என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுத்து, மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடி ஆகிய மூன்று ஊர்களில் உள்ள பூங்காவின் வனச்சரக அலுவலகங்களில் அருகிலிருப்பதற்கு அன்றைக்கே தெரிவியுங்கள். முதல் வாரத்திலேயே செய்தி கிடைத்தால், எந்தப் பவளம் தாங்கி நிற்கிறது என்பதை அடையாளமிட ஆட்கள் இறங்க நேரம் இருக்கும். வெண்மை பழுப்பாகிப் பாசி மூடியபின் சென்றால் எது தாங்கியது, எது வெளுத்து மீண்டது என்று பிரித்தறிய வழியில்லை.